வலது தோள் கொக்கி

அந்த மனிதரைப் பற்றி என் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு திட்டுதான். அவருக்குத் தமிழ் தெரியும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நான் சங்கராபுரம் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். வீடு கள்ளக்குறிச்சியில். அரையாண்டு விடுமுறையில் மகளைப் பார்க்க வடக்கே போயிருந்தேன். அவளுக்குத் தில்லிக்குப் பக்கத்தில் வேலை. கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, “அம்மா, ஒனக்கு ஒரு கிஃப்ட் வச்சிருக்கேன். ஆனா அத வூட்டுக்கு எடுத்தாற முடியாது, நீதான் அங்க வரணும்” என்றாள். காரில் ஏறிக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். நான் விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கப் போகிறேனாம். தனியாக இல்லை, பயிற்சி பெற்ற ஒருவரின் மார்போடு சேர்த்து மாட்டிவிடுவார்களாம். “வாழ்க்க பூரா புள்ளைங்கள தாண்டு தாண்டுன்னு தொரத்தினல்ல, இப்ப நீ தாண்டு” என்றாள்.

போனில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மின்வாரியத்தில் லைன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டு கம்பம் ஏறியே காலத்தைக் கழித்தவர். சிரித்துவிட்டு, “பெல்ட்ட மட்டும் ஒழுங்கா மாட்டிக்கோ” என்றார்.

கடுகு வயல்கள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தன. அவற்றின் நடுவே ஒரு பழைய ஓடுதளம். ஒரு தகரக் கொட்டகை, ஒரு சின்ன விமானம். என் சுடிதாருக்கு மேல் ஒரு நீல உடுப்பை மாட்டி, அதன் மேல் பெல்ட்டுகளைப் போட்டார்கள். தொடைக்கு இரண்டு, மார்புக்குக் குறுக்கே ஒன்று, வயிற்றுக்கு ஒன்று. மாட்டிவிட்ட ஆள் நாற்பதைத் தாண்டியவர். குட்டையான, கெட்டியான உடம்பு. பட்டாளத்துக்காரரைப் போல ஒட்ட வெட்டிய முடி. அவர் இந்தியில் ஏதோ சொல்லிக்கொண்டே தொடைப் பட்டையை இழுத்து இறுக்கினார். எனக்குக் கூச்சமும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. மகளிடம், “இன்னாடி இந்த ஆளு, நெல்லு மூட்டைய கட்டறா மாதிரி இறுக்கறான்” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“இறுக்கலன்னா வழுக்கிக்கினு பூடுவீங்க” என்றார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். மேல்பல்லில் ஒன்று பாதி உடைந்திருந்தது.

“எந்த ஊருங்க?” என்றார்.

“கள்ளக்குறிச்சி.”

அவர் கை பட்டையை விட்டுவிட்டது. “நெஜமாவா? நான் கல்வராயன் மலைங்க. வெள்ளிமலைக்கு அந்தாண்ட. உங்க பஸ் ஸ்டாண்டுலதான் பட்டாளத்துக்கு வண்டி ஏறுனேன்.”

அதற்குப் பிறகு அவர் என்னை விடவே இல்லை. கச்சிராயபாளையம் ரோடு போட்டுவிட்டார்களா, வடக்கனந்தல் முனையில் இருந்த டீக்கடை இன்னும் இருக்கிறதா, மேலே போகிற பஸ் இப்போதும் வழியில் நின்றுவிடுகிறதா என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டார். பாராசூட் படையில் இருந்து ஓய்வு பெற்றவராம். ஓய்வுக்குப் பிறகு இந்த வேலை. மனைவியும் இரண்டு பெண்களும் மலையில். நான் டீச்சர் என்று தெரிந்ததும் ‘அக்கா’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் ‘டீச்சர்’ என்று மாற்றிக்கொண்டார்.

விமானத்தில் ஏறும் முன் அவர் எனக்குக் கொக்கிகளைக் காட்டினார். அவர் போட்டிருந்த பெல்ட்டில் தோளுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று என்று இருபுறமும் கொக்கிகள். என் பெல்ட்டில் அதே இடங்களில் இரும்பு வளையங்கள். கொக்கி வளையத்துக்குள் போனதும் அதன் வாயை ஒரு சின்ன இரும்பு நாக்கு மூடிக்கொள்ளும். அந்த நாக்கைப் பின்னாலிருந்து ஸ்பிரிங் தள்ளிக்கொண்டே இருக்கும்.

“மேல ரெண்டு, கீழ ரெண்டு. பாராசூட்டு என் முதுகுல இருக்குது. உங்ககிட்ட ஒன்னும் கெடையாது. உங்களுக்கும் எனக்கும் நடுவுல இந்த நாலுதான்” என்றார். சொல்லிவிட்டு, நான் பயந்துவிட்டேனோ என்று முகத்தைப் பார்த்தார். “இதுல ஒன்னே போதும் டீச்சர், உங்கள மாதிரி நாலு பேரத் தாங்கும்.”

விமானத்தில் எங்களோடு அவருடைய கூட்டாளி ஒருவர் கேமராவோடு வந்தார். மகள் கீழேயே நின்றுகொண்டாள். மேலே போனதும் அவர் என்னைத் தன் மடியில் உட்காரச் சொல்லி, முதுகுப் பக்கமாக இருந்து கொக்கிகளை மாட்டினார். ஒவ்வொன்றும் மூடும்போது சத்தம் கேட்டது. மூடிய பிறகு ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார். கூட்டாளியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அவரும் இழுத்துப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார். பிறகு என் வலது கையைப் பிடித்து என் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய், “தொட்டுப் பாருங்க. மூடியிருக்குதா?” என்றார். தொட்டேன். குளிர்ந்த இரும்பு. மூடியிருந்தது. இடது பக்கமும் அப்படியே.

இதை இவ்வளவு விலாவாரியாக எழுதக் காரணம் இருக்கிறது. பின்னால் நான் இதைப் பல பேரிடம் சொல்ல வேண்டியிருந்தது.

முன்பின் தெரியாத ஒரு ஆணின் மடியில் உட்கார்ந்திருக்கிறோம் என்ற கூச்சம் எனக்கு இருந்தது. அது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார். “பொங்கலுக்கு ஊருக்குப் போவணும் டீச்சர். லீவு சொல்லிட்டேன். சாமச் சோறு துன்னு ரொம்ப நாளாவுது. அத நெனச்சாலே நாக்கு ஊறுது.” பிறகு பாடம் நடத்தினார். குதிக்கும்போது தலையை அவர் தோளில் சாய்த்து, உடம்பை வில்லாக வளைக்க வேண்டும். இறங்கும்போது இரண்டு காலையும் நேராகத் தூக்கிக்கொள்ள வேண்டும். அவர் உட்கார்ந்தபடியே தரையில் சறுக்கி நிறுத்துவார்.

கதவைத் திறந்ததும் காற்று அறைந்தது. அவர் இடுப்புக் கொக்கிகளின் பட்டையை இன்னும் இறுக்கினார். என் முதுகு அவர் மார்போடு ஒட்டிக்கொண்டது. குதித்தோம்.

குதித்தது நன்றாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்னதாகும். கத்தினேன், சிரித்தேன். வாய்க்குள் காற்று புகுந்து கன்னம் உப்பியது. கீழே மஞ்சளும் பச்சையுமாகத் துண்டு துண்டாக வயல்கள். எங்களோடு குதித்த கூட்டாளி எதிரே மிதந்துகொண்டே கேமராவைக் காட்டிக் கை அசைத்தார். நானும் அசைத்தேன்.

பிறகு பாராசூட் விரிந்தது. ஒரு பெரிய இழுப்பு இழுக்கும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். இழுத்தது. அந்த இழுப்பில் என் வலது தோள் மட்டும் சட்டென்று கீழே போனது. உடம்பு முழுவதும் வலப்பக்கமாகச் சரிந்து முறுக்கிக்கொண்டது. இதுவும் இதில் சேர்ந்ததுதானோ என்று ஒரு கணம் நினைத்தேன். உடனே அவருடைய வலது கை என் மார்புக்குக் குறுக்கே வந்து இறுக்கிப் பிடித்தது. அவர் கால்கள் என் கால்களைச் சுற்றிக்கொண்டன. அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“இன்னா ஆச்சு?” என்று கேட்டேன்.

“அசையாதீங்க டீச்சர். ஒரு கொக்கி உட்டுடுச்சி. மூனு இருக்குது. மூனு போதும்.”

குரல் டீக்கடையைப் பற்றிக் கேட்டபோது இருந்த மாதிரியே இருந்தது. ஆனால் என் இடது தோள்பட்டை இன்னும் அவர் மார்போடு ஒட்டியிருந்தது. அவர் நெஞ்சு அடித்துக்கொள்வது என் எலும்பில் தெரிந்தது. அப்படி ஒரு அடிப்பு. ஓடி முடித்த பிள்ளைகளின் நாடியைப் பிடித்துப் பார்த்துப் பழகியவள் நான். எனக்குத் தெரியும்.

பாராசூட்டைத் திருப்ப இரண்டு பக்கமும் கைப்பிடி உண்டு. இரண்டு கையும் வேண்டும். அவர் இடது கையால் மட்டும் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் என்னைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஓடுதளத்துக்குப் போக முடியவில்லை. வயல் பக்கமாகவே போனோம். நான் ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபத்தைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் வார்த்தை மறந்துவிட்டது. குழந்தையாக இருந்தபோதிலிருந்து சொன்னது மறந்துவிட்டது.

தரை கிட்டே வந்ததும், “இப்ப கைய எடுக்கறேன். எடுத்தாத்தான் வேகத்தக் கொறைக்க முடியும். காலத் தூக்குங்க” என்றார்.

கையை எடுத்தார். நான் தூக்கினேன். உடம்பு கோணலாகத் தொங்கியதால் இடது கால்தான் தூக்க வந்தது. வலது கால் தொங்கிக்கொண்டே இருந்தது. அது முதலில் தரையில் பட்டிருந்தால் இரண்டு பேருடைய பாரமும் என் மேல் இறங்கியிருக்கும்.

“காலத் தூக்குங்க டீச்சர்!”

முடியவில்லை. கடைசியில் அவர் ஒரு பக்கக் கைப்பிடியை மட்டும் ஆழமாக இழுத்தார் என்று பின்னால் விசாரித்தவர்கள் சொன்னார்கள். அதனால் நாங்கள் பக்கவாட்டில் சாய்ந்தோம். அவர் இடுப்பும் முதுகும் முதலில் மோதின. நான் அவர் மேல் விழுந்தேன்.

கடுகுச் செடிகள் முகத்தில் குத்தின. என் வலது கணுக்கால் ஒடிந்திருந்தது. தோளில் காறை எலும்பும். ஆனால் அந்த நேரத்தில் வலி தெரியவில்லை. எனக்குப் பின்னால் அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்க்க முடியவில்லை. மூன்று கொக்கிகளும் எங்களைச் சேர்த்தே பிடித்திருந்தன. “சார், சார்” என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. ஓடி வந்தவர்கள் பட்டைகளை அறுத்துத்தான் எங்களைப் பிரித்தார்கள்.

மறுநாள் அவர் இறந்துவிட்டார். கண் திறக்கவே இல்லையாம். அதே ஆஸ்பத்திரியில் வேறு மாடியில் நான் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். மகள் வந்து கட்டிலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்தாள். அவள் வாய் திறப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. பொங்கலுக்குப் போக வேண்டியவரை அதற்கு முன்பே பெட்டியில் வைத்து அனுப்பினார்கள். நான் எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன்.

அந்த நிறுவனத்திலிருந்து ஓர் ஆள் பழக்கூடையோடு வந்தார். மிகவும் பணிவானவர். அவர் பேசியதை மகள் எனக்குச் சொன்னாள். நல்ல மனிதர், அனுபவசாலி, ஆனால் அன்று அவசரத்தில் அந்த வலது தோள் கொக்கியைச் சரியாக மூடாமல் விட்டுவிட்டார், மனிதர்தானே, தவறு நடப்பது சகஜம், விசாரணைக்கு வருகிறவர்களிடம் நீங்களும் அப்படியே சொன்னால் எல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். இப்படிப் போனது அவர் பேச்சு.

“மூடியிருந்துச்சின்னு சொல்லு” என்றேன் மகளிடம். “ஒன்னொன்னையும் இழுத்துப் பாத்தாரு. இன்னொருத்தரும் பாத்தாரு. நான் என் கையால தொட்டுப் பாத்தேன்னு சொல்லு.”

அவள் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, அதிர்ச்சியில் இருப்பவர்களுக்கு ஞாபகம் மாறிப்போகும் என்றார். மகள் அந்தப் பழக்கூடையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள். அவளை அவ்வளவு கோபமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கிஃப்ட் கொடுத்தவள் அவள். அந்தப் பாரத்தை அவள் இன்னும் இறக்கி வைக்கவில்லை. நான் எவ்வளவோ சொல்லிவிட்டேன்.

கேமராக் கூட்டாளியும் ஒருநாள் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அழுதார். அந்தப் பெல்ட்டுகள் வேறு எங்கோ பயன்படுத்தி முடித்த பிறகு பழையதாக வாங்கியவை, கொக்கிகளை மாற்றித் தரச் சொல்லி இறந்துபோனவர் பல தடவை கேட்டிருக்கிறார், வருகிறது வருகிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்றார். இதை விசாரணையிலும் சொல்வேன் என்றார். சொன்னார். அதற்குப் பிறகு அங்கே அவருக்கு வேலை இல்லை.

காலில் கட்டோடு ஊருக்கு வந்தேன். வீட்டில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். எல்லோரும் மாதா காப்பாற்றினாள் என்றார்கள். நன்றிப் பூசை வைக்க வேண்டும் என்று என் நாத்தனார் சர்ச் சாமியாரிடம் பேசியும்விட்டாள். நான் முடியாது என்றேன். மாதா என்னைக் காப்பாற்றினாள் என்றால் அவரை என்ன செய்தாள் என்று கேட்டேன். நாத்தனாருக்கு மனத்தாங்கல். கடைசியில் அதே நாளில், அதே நேரத்தில், இறந்த ஒரு சகோதரருக்காக என்று பூசை நடந்தது. நான் பின்வரிசையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து அழுதேன்.

கால் சரியாகி, தாங்கித் தாங்கி நடக்கத் தொடங்கியது கோடை விடுமுறையில். “அந்த மலைக்குப் போவணும்” என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை. வண்டியில் போகலாம் என்றார். என் தோளுக்கு வண்டி ஒத்துவராது என்று பஸ்ஸில் போனோம். வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் இருக்கைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். முன்பு நான் அப்படி இல்லை.

வெள்ளிமலையில் இறங்கி விசாரித்ததும் உடனே வழி சொன்னார்கள். மரவள்ளிக் காட்டின் ஓரமாகப் போனால் ஓட்டு வீடு. முன்னால் ஒரு பலாமரம். அவர் மனைவி சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். ஒல்லியான, நிமிர்ந்த உடம்பு. நான் யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் நடந்து வந்த விதத்திலிருந்தே தெரிந்துகொண்டாள்.

“டீச்சருங்களா?” என்றாள்.

அவள் காலில் விழப் போனேன். குனிய முடியவில்லை. அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். பாய் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். என் வீட்டுக்காரர் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் பலாமரத்தடிக்குப் போய் நின்றுகொண்டார்.

அவள் மறுபடி முறத்தைக் கையில் எடுத்தாள். பிறகு அவள் கேட்டாள்.

“கடைசியா அவரு இன்னா சொன்னாரு?”

வரும் வழியெல்லாம் இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டு வந்தேன். உன்னைப் பற்றிச் சொன்னார், பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு அது வரவில்லை.

“காலத் தூக்குங்க டீச்சர்னு சொன்னாரு” என்றேன்.

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்மா.”

அவள் முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. “விமானத்துல ஊரப் பத்திப் பேசிக்கினே வந்தாரு. பொங்கலுக்கு ஊருக்குப் போறேன்னாரு. சாமச் சோறு துன்னு ரொம்ப நாளாவுது, நாக்கு ஊறுதுன்னாரு” என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். “சாமச் சோறா? அவரா சொன்னாரு?”

“ஆமா.”

“அவருக்கு அது ஆவவே ஆவாதுங்களே. லீவுல வந்தா அரிசிச் சோறுதான் கேப்பாரு. சாம வச்சா தட்டத் தள்ளிடுவாரு.”

சொல்லிக்கொண்டே சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். நான் அவள் தோளைத் தொடக் கை நீட்டி, பிறகு இழுத்துக்கொண்டேன்.

“பயந்தாரா?” என்று கேட்டாள்.

“பேச்சுல பயமே இல்ல.”

“பேச்சக் கேக்கலிங்க.”

என் இடது தோளுக்குப் பின்னால் கையை வைத்துக் காட்டினேன். “இங்கதான் அவரு நெஞ்சு இருந்துச்சி. ரொம்ப அடிச்சிக்கினு இருந்துச்சி” என்றேன்.

அவள் நான் காட்டிய இடத்தையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். “கடைசியா அவரு கட்டிப் புடிச்சது உங்களத்தான்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குச் சொல்லவே இல்லை, தனக்கே சொல்லிக்கொண்டாள்.

விசாரணை முடிவு மழைக்காலத்துக்கு முன் வந்தது. மகள் படித்துச் சொன்னாள். கொக்கியை மூடும் அந்த இரும்பு நாக்கின் நுனி தேய்ந்திருந்தது. ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தது. நேராக இழுத்தால் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் கையால் இழுத்துப் பார்த்தபோது நின்றது. பாராசூட் விரியும் இழுப்பில் வளையம் பக்கவாட்டில் முறுக்கியதும் விட்டுவிட்டது. எப்போதோ கழித்துப் போட்டிருக்க வேண்டிய பெல்ட். மாட்டியவர் மேல் தவறு இல்லை.

இதைக் கேட்டு என் வீட்டுக்காரர் பரணிலிருந்து தன் பழைய பெல்ட்டை எடுத்து வந்தார். அதன் கொக்கியைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். “இத நம்பித்தான் இத்தினி வருசம் தொங்கிக்கினு இருந்தேன்” என்றார்.

அந்த விசாரணை முடிவைச் சொல்ல மறுபடி மலைக்குப் போனேன், இந்தத் தடவை தனியாக. அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேனா, தெரியவில்லை. நான் சொல்லி முடித்ததும், “அவரு மேல தப்பு இல்லன்னு எனக்குத் தெரியாதுங்களா?” என்றாள். பிறகு எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். “வாங்க” என்றாள்.

“எங்க?”

“வாங்க டீச்சர்.”

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சவப்பெட்டியோடு வந்த நிறுவனத்து ஆள் ஊரில் எல்லோரிடமும் அதே கதையைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கொக்கியை மாட்ட மறந்துவிட்டார், கவனக்குறைவு. ஒன்று இரண்டாகி, குடித்திருந்தாராம் என்று அது மலையில் வளர்ந்திருக்கிறது. அவர் அண்ணனே அதை நம்பியிருக்கிறார்.

முதலில் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். “சொல்லுங்க” என்றாள். சொன்னேன். கொக்கி எப்படி இருக்கும் என்று விரலை வளைத்துக் காட்டினேன். நேராக இழுத்தால் நிற்கும், முறுக்கினால் விடும் என்று இன்னொரு விரலைக் கோத்துக் காட்டினேன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த வீடு. அதற்கு அடுத்த வீடு. பலசரக்குக் கடை. பம்பு செட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். எல்லா இடத்திலும் அவள் முன்னால் போய் நின்று, “இவங்கதான் அந்த டீச்சரு. இவங்க சொல்றதக் கேளுங்க” என்பாள். நான் சொல்வேன். சொல்லச் சொல்ல எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. கணுக்கால் வீங்கிவிட்டது. அவள் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான் என்று தோன்றியது.

வெயில் இறங்கும் நேரத்தில் பஸ் நிற்குமிடத்துக்கு என்னோடு வந்தாள். இரண்டு பலாச்சுளைப் பொட்டலம் கையில் கொடுத்தாள். அவள் பிள்ளைகளைப் பற்றிப் பேசினேன். பெரியவள் மேலே படிக்கக் கீழே வந்தால் எங்கள் வீட்டிலேயே தங்கட்டும் என்றேன். அடுத்த மாதம் வருகிறேன் என்றேன்.

“டீச்சர்” என்றாள். “இனிமே வராதீங்க.”

நான் அவளைப் பார்த்தேன்.

“உங்க மேல கோவம் இல்ல. சத்தியமா இல்ல. இன்னிக்கி நீங்க செஞ்சத மறக்க மாட்டேன்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “உங்களப் பாத்தா உங்க தோளத்தான் பாக்கறேன். அவரு அங்க இருந்தாருன்னே தோனுது. கட்டிப் புடிச்சிக்கலாமான்னு வருது, புடிச்சித் தள்ளலாமான்னும் வருது. என்னால முடியல.”

“சரிம்மா” என்றேன்.

“தப்பா எடுத்துக்காதீங்க.”

“இல்லம்மா.”

பஸ் வந்தது. அவள் என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். தோளைத் தொடாமல், முழங்கைக்குக் கீழே பிடித்து ஏற்றினாள். பஸ் புறப்படும்வரை நிற்காமல் திரும்பி நடந்துவிட்டாள்.

அந்த நிறுவனம் கொஞ்ச நாள் மூடிக் கிடந்து, வேறு பெயரில் மறுபடி திறந்துவிட்டது என்று மகள் சொன்னாள். புதுக் கொக்கிகளா என்று கேட்டேன். தெரியாது என்றாள்.

நான் பிறகு மலைக்குப் போகவில்லை. பள்ளியில் பிள்ளைகளை நீளம் தாண்ட வைக்கிறேன். கத்துகிறேன். எல்லாம் முன்பு போலத்தான். தோள் மட்டும் குளிர்காலத்தில் வலிக்கும்.

போன வாரம் கச்சிராயபாளையம் சந்தைக்குப் புளி வாங்கப் போயிருந்தேன். எதிர்வரிசையில் அவள் கடுக்காயும் தேனும் பரப்பி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பெரிய பெண், தாயைப் போலவே நிமிர்ந்த முதுகு. அந்தப் பெண் எதற்கோ சிரித்தாள். அவளுக்கும் மேல்பல் வரிசை அப்பாவுடையது போலவே இருந்தது. உடைந்த பல் இல்லை, அவ்வளவுதான்.

அவள் என்னைப் பார்த்துவிட்டாள். நானும் பார்த்தேன். அவள் எழுந்திருக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. கூட்டம் எங்களுக்கு நடுவே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. போய்ப் பேச வேண்டும் என்று கால் பரபரத்தது. அவள் கேட்டுக்கொண்டது நினைவுக்கு வந்தது. மெல்லத் தலையை அசைத்துவிட்டு நடந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் புளி வாங்காமல் வந்துவிட்டது தெரிந்தது.